அக்காவின் இருபத்து மூன்று

அக்காவும் தங்கையும் சிறு வயதிலிருந்தே பருமன். பள்ளிக்கூடத்தில் ஒருத்திக்குப் பெரிய மூட்டை என்றும் மற்றவளுக்குச் சின்ன மூட்டை என்றும் பெயர் வைத்தார்கள். வைத்தவர்கள் எல்லாம் கல்யாணம் கட்டிக்கொண்டு எங்கெங்கோ போய்விட்டார்கள். பெயர் மட்டும் போகவில்லை. சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் யாராவது ஒருவர், "என்ன, ரெண்டு மூட்டையும் ஒண்ணா வந்து இறங்கிடுச்சா?" என்று கேட்பார். அக்கா சிரிப்பாள். அவள் சிரிப்பதைப் பார்த்துத் தங்கையும் சிரிப்பாள். பிறகு இருவரும் ஒரு மூலையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்டவருடைய வழுக்கை, மூக்கு, அவர் மகன் பரீட்சையில் கோட்டைவிட்டது என்று ஒன்று விடாமல் மென்று துப்புவார்கள். உடம்பைப் பற்றி உலகம் பேசும்போது சின்னவளுக்கு என்று இருந்த ஒரே ஆள் அக்காதான்.

சின்னவளுக்கு ரொட்டிக்கடையில் வேலை. மாவு பிசைய இயந்திரம் இருந்தாலும், பிசைந்த மாவை வெட்டி, எடை பார்த்து, உருட்டி, தட்டில் அடுக்கி அடுப்புக்குள் தள்ளுவது எல்லாம் கைவேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். அவள் தோளும் முன்கையும் ஆண்பிள்ளைக்கு இருப்பதுபோல் திரண்டிருக்கும். அக்கா ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மேற்பார்வையாளர். அவளுக்குக் கீழே இளம்பெண்கள் நாலைந்து பேர் வேலை பார்த்தார்கள்.

அந்த அலுவலகத்தில் ஒருநாள் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"அந்த நர்ஸ் எல்லார் முன்னாடியும், 'பி.எம்.ஐ. முப்பத்து நாலு'ன்னு ஏலம் போடுற மாதிரி கத்திட்டாடி. சர்க்கரையும் ஏறியிருக்காம்."

"அது என்னக்கா முப்பத்து நாலு?"

"எடையைக் கிலோவுல எடுத்துக்கணும். உயரத்தை மீட்டர்ல எடுத்து, அதால ரெண்டு தடவை வகுக்கணும். உன் எடை என்ன?"

சின்னவள் சொன்னாள். எழுபத்து நாலு. உயரம் அக்காவைவிட ஒரு விரல் குறைவு. அக்கா போனிலேயே கணக்குப் போட்டு, "உனக்கு முப்பத்தொண்ணு வருது" என்றாள்.

"எவ்வளவு இருக்கணுமாம்?"

"பதினெட்டரைக்கு மேல, இருபத்தஞ்சுக்குக் கீழ. நம்ம மாதிரி ஆளுங்க இருபத்து மூணைத் தாண்டாம இருந்தா நல்லதாம்."

"இருபத்து மூணா? நான் பொறக்கும்போதே அதைத் தாண்டித்தான் பொறந்திருப்பேன்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அக்கா சொன்னாள்: "கிண்டல் இல்லடி. ரெண்டு பேரும் சேர்ந்து இறங்குவோம். நீ இல்லாம என்னால முடியாது."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் சின்னவள் ஒத்துக்கொண்டாள். அவளுக்குச் சர்க்கரையும் இல்லை, மூச்சு வாங்கலும் இல்லை.

விடிந்ததும் பூங்காவில் சேர்ந்து நடந்தார்கள். சர்க்கரை போடாத தேநீர், எண்ணெய் இல்லாத காய்கறி, இரவுக்கு ஒரு கிண்ணம் சூப். இருவருக்கும் இரண்டு மூன்று கிலோ குறைந்தது, பிறகு முள் நகரவில்லை. அந்த நேரத்தில் அக்காவுக்குத் தலைமை அலுவலகத்தில் மூன்று வாரப் பயிற்சி வந்தது. சின்னவள் தனியாக நடந்தாள். மழை பெய்த அன்றும் குடை பிடித்துக்கொண்டு நடந்தாள், அக்கா வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று.

திரும்பி வந்தபோது அக்காவின் கன்னம் ஒட்டியிருந்தது. நாலு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. "அங்க தனியா இருந்தேன் இல்ல, வாயைக் கட்டப் பழகிட்டேன்" என்றாள். மாதத்துக்கு மாதம் அவள் ஆடைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. முப்பத்து நாலு முப்பது ஆனது, இருபத்தேழு ஆனது. வருஷம் திரும்புவதற்குள் இருபத்து மூன்றில் வந்து நின்றது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். "எப்படி?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அக்காவிடம் ஒரே பதில்: "நடை, சூப், மனசு. மனசு வெச்சா ஆகாதது இல்லை." அலுவலகத்தில் அவளைக் கூட்டத்தில் நிறுத்திப் பேசச் சொன்னார்கள். பேசினாள்.

சின்னவள் இருபத்தொன்பதிலேயே முட்டிக்கொண்டு நின்றாள். அதே நடை, அதே சூப்.

"நீ எங்கேயோ ஏமாத்துறே" என்றாள் அக்கா. "கடையில ரொட்டி வாசனையில நிக்கிறவ. ஒரு துண்டு கூடவா வாயில போகாது?"

"சத்தியமா இல்லக்கா."

"அப்போ இன்னும் குறை. மத்தியானம் எதுக்குச் சாப்பிடுறே?"

சின்னவள் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தினாள். தன் உடம்பே தன்னை ஏமாற்றுவதாக நினைத்து அதன்மேல் கோபப்பட்டாள். ஒருநாள் கடைக்கு வந்த அத்தை ஒருத்தி, "உன் அக்கா வருத்தப்பட்டாடி. உனக்கு எவ்வளவு சொன்னாலும் வாய் அடங்க மாட்டேங்குதாமே" என்று சொல்லிவிட்டுப் போனாள். சின்னவளுக்குச் சுருக்கென்றது. மூலையில் நாற்காலி போட்டு ஊரை மென்றவள், இப்போது ஊரோடு சேர்ந்து தன்னை மெல்கிறாளா என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். அக்கா நல்லதுக்குத்தானே சொல்கிறாள்? அன்றிலிருந்து காலைச் சாப்பாடும் பாதியாயிற்று.

ரொட்டிக்கடையின் தலைமை மாஸ்டர் ஒருமுறை, "என்னம்மா, கையில பலமே காணோம், மாவு உன்னை உருட்டுது" என்றார். அவள் சிரித்து மழுப்பினாள். அடுத்த வாரம் சூடான தட்டை அடுப்பிலிருந்து இழுக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழும்போது இடது முன்கை அடுப்பின் கதவில் பட்டு, தோல் வெந்துவிட்டது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். கையில் கட்டு. பக்கத்தில் அம்மா. கால்மாட்டில் புருஷன். அவன் வாடகை வேன் ஓட்டுகிறவன். வண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்திருந்தான்.

பெண் டாக்டர் ஒருத்தி வந்து ரத்தச் சோதனையைப் பார்த்தாள். "ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. எப்போ ஒழுங்கா சாப்பிட்டீங்க?"

"இருபத்து மூணுக்கு வரணும் டாக்டர்" என்றாள் சின்னவள். "இன்னும் இருபத்தேழரையிலதான் நிக்கிறேன்."

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அந்த எண் ஆயிரக்கணக்கான ஜனங்களை மொத்தமா பார்க்கிறதுக்குப் போட்ட கணக்கும்மா. எந்த இடத்துல ஆபத்து ஆரம்பிக்கலாம்னு ஒரு கை காட்டும், அவ்வளவுதான். எடையில எது கொழுப்பு, எது தசைன்னு அதுக்குத் தெரியாது. உங்க கையைப் பாருங்க, எவ்வளவு தசை. உங்களுக்குச் சர்க்கரை இல்ல, ரத்த அழுத்தம் இல்ல. கொஞ்சம் குறைச்சா நல்லது, குறைச்சும் இருக்கீங்க. ஆனா பட்டினி கிடந்து இருபத்து மூணைத் தொட்டா அது ஆரோக்கியம் இல்ல. நோயாளியா தொடுவீங்க."

"எங்க அக்கா தொட்டுட்டா டாக்டர். இதே சாப்பாடுதான்."

டாக்டர் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் வெளியே யாரோ கூப்பிட்டார்கள். அவள் போனதும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னவளின் தலையைத் தடவினாள்.

"போதும்டி இந்த வதை. உனக்கும் அந்த ஆபரேஷனையே பண்ணிடலாம். அவ அன்னைக்கே உன்னையும் கூட்டிட்டுப் போயிருக்கணும்."

"எந்த ஆபரேஷன்?"

அம்மாவின் கை தலையிலேயே நின்றது. புருஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எந்த ஆபரேஷன்மா?"

அம்மாவால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்கா போனது பயிற்சிக்கு இல்லை. சர்க்கரை ஏறிக்கொண்டே போனதால் டாக்டர்கள் சொல்லி, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். நாலு வாய்க்கு மேல் இறங்காதது மனசால் இல்லை, வயிற்றில் இடம் இல்லாததால். மூன்று வாரமும் அம்மா கூட இருந்து பார்த்துக்கொண்டாள். அந்த நாட்களில் அம்மா, சித்தி வீட்டில் இருப்பதாகச் சொல்லித் தினமும் சின்னவளிடம் போனில் பேசினாளே, அதெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசியது.

"உங்களுக்கும் தெரியுமா?" என்று புருஷனைக் கேட்டாள்.

அவன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான். "நான்தான் வண்டியில கொண்டுபோய் விட்டேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்கக்கா கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க."

"நான் மத்தியானம் பட்டினி கிடந்தப்போ பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டீங்களே."

"சொல்லலாம்னு நாலு தடவை நினைச்சேன்மா."

முழுப் பூசணிக்காயை ஒரு வருஷமாகச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். பரிமாறியவர்கள் மூன்று பேர், சாப்பிட உட்கார்ந்தவள் இவள் ஒருத்தி. சின்னவளுக்கு அழுகை வரவில்லை. மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்த தன் உருவம் கண்முன் வந்தது. அந்த நேரத்தில் இந்த மூன்று பேரும் எங்கே இருந்தார்கள் என்று நினைத்தபோது, வெந்த கையைவிட நெஞ்சு எரிந்தது.

வீட்டுக்கு வந்து நடமாட ஆரம்பித்ததும் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கதவைத் திறந்தவுடனே, முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"உட்காருடி."

"ஏன் சொல்லலை?"

"குறுக்கு வழின்னு சொல்வாங்க. 'வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கிட்டா'ன்னு சிரிப்பாங்க. உனக்குத் தெரியாதா ஊர் வாயை?"

"ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்கு ஏன் சொல்லலை?"

அக்கா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல் மாசமே சொல்லணும்னுதான் இருந்தேன். அப்போ நீதான் முதல் ஆளா, 'எப்படிக்கா, உன்னை மாதிரி மனஉறுதி யாருக்கு வரும்'னு கேட்டே. எனக்கு வாழ்க்கையில யாரும் அப்படிச் சொன்னதில்லடி. இன்னும் ஒரு நாள் போகட்டும்னு விட்டேன். அப்படியே போயிடுச்சு."

இதைக் கேட்டபோது சின்னவளுக்கு ஒரு கணம் இளகியது உண்மைதான். அந்தப் பசி எது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் அடுத்தது ஞாபகம் வந்தது.

"மறைச்சதைக்கூட விடு. ஆபரேஷன் பண்ணிக்கிட்டது தப்பே இல்ல, உன் சர்க்கரைக்கு அது வேணும். ஆனா உன் வயித்துல இடம் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டே, என் வயித்தைப் பட்டினி போடச் சொன்னியே. வாய் அடங்கலைன்னு அத்தைகிட்ட சொன்னியே. அது எதுக்கு?"

அங்கே வந்திருந்த அம்மா உள்ளேயிருந்து வெளியே வந்தாள். "போனது போகட்டும். நீ வெளியில சொல்லிடாதடி. ஆபீஸ்ல அவளுக்கு ஒரு பேர் இருக்கு."

சின்னவள் அம்மாவையே பார்த்தாள். கட்டுப்போட்ட கையோடு நிற்கிறவளிடம் கேட்கிற முதல் காரியம் இது. "நானா போய்ச் சொல்ல மாட்டேன்" என்றாள். "யாராவது கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

கேட்கிற நாள் சீக்கிரமே வந்தது. கை ஆறி வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில், அக்காவின் அலுவலகத்துப் பெண் ஒருத்தி ரொட்டிக்கடைக்கு வந்தாள். சின்ன வயது, பூசினாற்போன்ற உடம்பு. முகம் மட்டும் வெளிறி, உதடு வெடித்திருந்தது.

"மேடத்தோட தங்கைதானே நீங்க? மேடம் சொன்ன மாதிரியே சூப் மட்டும் குடிக்கிறேன். ரெண்டு மாசமா எனக்கு ஒண்ணும் இறங்கலை, தலைமுடிதான் கொட்டுது. அவங்க வேற ஏதாவது செஞ்சாங்களா? அவங்ககிட்டயே கேட்டா, மனசு போதலைங்கிறாங்க."

சின்னவள் மாவுக் கையைத் துணியில் துடைத்தாள். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. தான் பேசாமல் இருந்தால் அக்காவின் பேர் நிற்கும்; இந்தப் பெண் எங்கேயாவது விழுவாள்.

"அவ ஆபரேஷன் பண்ணிக்கிட்டாம்மா" என்றாள். "டாக்டர் சொல்லிப் பண்ணிக்கிட்டா. நீ போய் ஒழுங்கா சாப்பிடு. நல்ல டாக்டரா பார்த்துக் கேளு, என்னைக் கேட்காதே, எங்கக்காவையும் கேட்காதே." தன் முன்கைத் தழும்பையும் காட்டினாள். அந்தப் பெண் அங்கேயே நின்று அழுதாள்.

மறுநாளே அக்கா போன் செய்தாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. கூடப்பிறந்தவளே இப்படிக் காட்டிக் கொடுத்துட்டியேடி. நீ செய்வேன்னு நான் கனவுலயும் நினைக்கலை."

சின்னவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. "நானும்தான் நினைக்கலைக்கா" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

அலுவலகத்தில் சில நாள் கிசுகிசுத்தார்கள். பிறகு வேறு பேச்சு கிடைத்துவிட்டது. இரண்டு பெண்கள் அக்காவிடமே வந்து, எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்ததாக அம்மா சொன்னாள். அக்கா மட்டும் இன்னும் பேசவில்லை. அம்மா இரண்டு வீட்டுக்கும் நடந்து, இங்கே சொன்னதை அங்கே பாதியாகவும் அங்கே சொன்னதை இங்கே பாதியாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சின்னவள் மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். டாக்டரிடம் போகும்போது இடுப்பை அளக்கிறார்கள், ரத்தம் பார்க்கிறார்கள். இருபத்தேழரையிலேயே டாக்டருக்குத் திருப்தி.

புருஷன்தான் இப்போது ஓயாமல் பேசுகிறான். இன்று வேனில் யார் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், எந்தச் சக்கரத்தில் காற்று குறைந்தது என்று கேட்காமலே எல்லாவற்றையும் சொல்கிறான். அவள் ரொட்டியைப் பிட்டுத் தின்றபடி "ம்" கொட்டுகிறாள். அக்காவை ஏற்றிப் போனதை ஒரு வருஷம் மறைத்ததும் இதே வாய்தான்; இவன் சொல்வதில் ஏறினவர்களை நம்புவதா, இறங்கினவர்களை நம்புவதா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.