பின்சக்கர ஸ்பிரிங்

காலில் போட்ட பூட்ஸைக் கழற்றாமலே அவள் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். சமையலறைக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல், கழுவியிருந்த தம்ளரையே எடுத்து இன்னொரு முறை கழுவிவைத்தாள். கூடத்துக்கு வந்து, கணவரைக் கிடத்தியிருந்த பெஞ்சின் கால்மாட்டில் ஒரு நிமிடம் நின்றாள். அங்கேயும் இருப்புக் கொள்ளாமல் வாசலுக்குப் போனாள்.

வாசலில் பைக் நின்றது. இரண்டு பக்கமும் பெட்டிகள் மாட்டி, செயினுக்கு எண்ணெய் விட்டு, பதினோரு நாள் பயணத்துக்குத் தயாராக நின்றது. காலை ஐந்தரைக்குப் புறப்பட்டிருக்க வேண்டும். ஐந்து மணிக்கு டீயோடு நாற்காலியில் உட்கார்ந்தவர், டீ ஆறிய பிறகும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து, இதயம் நின்றுவிட்டது என்றார். இப்போது மணி பத்து.

“அந்த பூட்ஸையாவது கழட்டும்மா” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“கழட்டறேன்” என்றாள். கழற்றவில்லை.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளைச் சொல்வார்கள். தொழிலும் அதற்கேற்றதுதான். டிரைவிங் ஸ்கூலில் இருபத்தெட்டு வருடமாக ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். தெருவே ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடும். ஊரில் பாதிப்பேருக்கு லைசென்ஸ் வாங்கித் தந்தவளால் சொந்தப் புருஷனுக்கு மட்டும் ஓட்டச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர் அவர். நானூறு பஸ்கள் எப்போது வரும், எப்போது போகும் என்று மனப்பாடமாகச் சொல்வார், ஒரு சைக்கிளைக்கூட நேராக ஓட்டமாட்டார். கல்யாணமான புதிதில் நான்கு முறை விழுந்துவிட்டு, “எனக்குப் பின்னாடி சீட்டே போதும், மாஸ்டர்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருடைய இடம் அதுதான். ஏறி உட்கார்ந்ததும் அவள் தோளில் இரண்டு தட்டு தட்டுவார். அப்புறம்தான் அவள் கிளட்சை விடுவாள்.

வண்டியில் அவருக்கென்று ஒரே ஒரு வேலை இருந்தது. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை, ஏறும் எடைக்குத் தகுந்தபடி திருகிவைப்பது. அதில் ஐந்து பல் உண்டு, ஏற ஏற ஸ்பிரிங் விறைக்கும். அவள் மட்டும் போனால் ஒன்றில் வைப்பார், இருவரும் போனால் நான்கில். இருவர் ஏறும்போது ஒன்றில் இருந்தால் வண்டி அமுங்கித் தரையில் தட்டும். ஒருத்தி போகும்போது நான்கில் இருந்தால் இடுப்பை ஒடித்துவிடும். கொக்கி ஸ்பேனரை வைத்து ‘டக், டக்’ என்று அவர் திருகும் அழகைப் பார்த்தால், என்ஜினையே இறக்கி ஏற்றியவர் என்று நினைக்கத் தோன்றும்.

நேற்று சாயங்காலமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். திருகி முடித்து, கையைத் துடைத்தபடி, “இந்தத் தடவை...” என்று ஆரம்பித்தார். அவள் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு வழியில சொல்லுங்க. பதினோரு நாளும் என் காதுகிட்டதானே உக்காந்திருக்கப் போறீங்க?”

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். இந்தத் தடவை என்ன? அந்தப் பேச்சின் மிச்சம்தான் காலையிலிருந்து அவளை உட்கார விடவில்லை. வர முடியாது என்று சொல்ல வந்தாரோ? முப்பது வருடமாக அவளுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாரோ? கேட்க வேண்டிய ஆள் பெஞ்சில் கிடந்தார்.

சாவு வீட்டில் வாய்க்குப் பூட்டு ஏது? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது கூடம்வரை கேட்டது.

“ரிட்டையர் ஆன மனுஷனை வீட்ல நிம்மதியா இருக்க விட்டாளா? மூட்டை கட்டி வண்டியில ஏத்திட்டா.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதையேதான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

மகன் சுடுகாட்டு ஆபீசில் பதிவு செய்யக் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தான். அந்த நேரம் பார்த்து நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. அவருடைய ஒரே அக்கா. பைபாஸ் கூட்டுரோட்டிலேயே பஸ்காரன் இறக்கிவிட்டானாம். ஒரு ஆட்டோகூட இல்லையாம்.

“அங்கயே நில்லுங்க அண்ணி. நான் வரேன்.”

“நீயா? நீ எப்படி வருவே?”

அவள் சாவியை எடுத்துவிட்டாள். “யாராவது பையனை அனுப்பலாமே” என்று எதிர்வீட்டுக்காரி பின்னாலேயே வந்தாள். பதில் சொல்ல நின்றால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. பைக்கை ஸ்டார்ட் செய்தாள். கியர் போட்டாள். போட்டவள் கிளட்சைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோளில் விழவேண்டிய இரண்டு தட்டுக்காகக் காத்திருக்கிறோம் என்பது அவளுக்கே சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு கிளம்பிவிட்டாள்.

சாலை முழுக்கக் குண்டும் குழியும். ஆனாலும் வண்டி மெத்தென்று போயிற்று. வேறொரு நாளாக இருந்தால் அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

கூட்டுரோட்டில் நாத்தனார் ஒரு துணிப்பையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள். பருத்த உடம்பு, முட்டிவலிக்காரி. தம்பி பெண்டாட்டியைப் பார்த்ததும் வாய்விட்டு அழப்போனவள், பைக்கைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

“இதுலயா?”

“இதுலதான் அண்ணி. காலை இந்தப் பக்கம் வைங்க. இடுப்பைப் பிடிச்சுக்குங்க.”

பெட்டியில் மாட்டியிருந்த அவருடைய ஹெல்மெட்டை எடுத்து நாத்தனாரின் தலையில் மாட்டினாள். அதற்குள்ளிருந்து குரல் வந்தது. “தம்பி தலை வாசனை அடிக்குதும்மா.”

அவள் அதன் வாரை இழுத்துப் பூட்டினாள். வண்டியை எடுத்தாள்.

முதல் வேகத்தடையில் ‘கடார்’ என்று அடியில் இடித்தது. சென்டர் ஸ்டாண்ட் தரையைத் தேய்த்த சத்தம். நாத்தனார், “ஐயோ, கொல்லப்போறியா!” என்று அலறினாள். அவள் ஓரங்கட்டி நிறுத்தினாள். நான்காம் பல்லில் இருந்தால் இடிக்காது. அண்ணியைவிடப் பெரிய மூட்டையெல்லாம் ஏற்றிப் போயிருக்கிறாள்.

இறங்கி, சாலையோரத்தில் முட்டிபோட்டுக் குனிந்து பார்த்தாள். இடது பக்கம் ஒன்றில் இருந்தது. எழுந்து சுற்றிவந்து வலது பக்கமும் பார்த்தாள். அதுவும் ஒன்று. மறந்துபோகிற மனிதர் இல்லை அவர். நேற்று திருகியதை அவளே கண்ணால் பார்த்தாள். நான்கிலிருந்து ஒன்றுக்குத்தான் இறக்கியிருக்கிறார், அவள் மட்டும் போவதற்கு.

அவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன ஆச்சு? பஞ்சரா?”

“அவர் இந்தத் தடவை வரதா இல்ல அண்ணி.”

நாத்தனார் ஹெல்மெட்டைக் கழற்றக் கொஞ்சம் நேரமாயிற்று. கழற்றிவிட்டு அதைப் பையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“சொல்லிட்டானா உங்கிட்ட?”

“எதை?”

“பத்துப் பதினோரு நாள் உங்கிட்ட வந்து இருக்கேன்க்கான்னு வியாழக்கிழமை போன் பண்ணான். உடம்புக்கு என்னடான்னேன். ஏதோ அசதியா இருக்கு, மாடி ஏறினா மூச்சு வாங்குது, அவ்வளவுதான்னான். முன்னாடியே சொன்னா அவ பயணத்தையே நிறுத்திடுவா, ரெண்டு வருஷமா மேப்பைப் பார்த்துட்டு இருக்கா, அவ போகட்டும், கிளம்பற நேரத்துல சொல்லிக்கறேன்னான்.”

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி?”

கேட்டதில் சூடு இருந்தது. நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சொல்லியிருக்கணும். சொன்னா நீ அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவே. எங்கிட்ட வரமாட்டானேன்னு... எனக்கு ஆசைம்மா. கல்யாணத்துக்கப்புறம் ஒரு ராத்திரி சேர்ந்தாப்ல தங்கினதில்ல அவன். மெத்தைக்குப் புது உறைகூடப் போட்டு வெச்சேன்.”

ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. நேற்று காற்று அடிப்பதை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டிருந்தால் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நேற்றே கேட்டிருந்தால் நேற்றே ஆஸ்பத்திரி. இவளைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? இரண்டு பேருமே அவரவர் ஆசைக்கு அவரைக் கொஞ்சம் கேட்காமல் விட்டவர்கள்தான். அவள் எழுந்து நாத்தனாரின் கையைப் பிடித்தாள். நாத்தனார் அந்தக் கையிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. போகிற பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

சீட்டுக்கு அடியிலிருந்து கொக்கி ஸ்பேனரை எடுத்தாள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினாள்.

“இப்ப என்னம்மா செய்யறே? நேரமாகுதே.”

“உங்களுக்கு ஏத்த மாதிரி வைக்கறேன் அண்ணி. இனிமே இடிக்காது.”

இடது பக்கம் மூன்று பல், வலது பக்கம் மூன்று பல். அவர் ஒரு மூச்சில் திருகிவிடுவார். அவளுக்குக் கை வழுக்கியது, விரல் முட்டி சிராய்த்தது. திரும்பி வரும் வழியில் ஐந்து வேகத்தடைகள். ஒன்றில்கூட இடிக்கவில்லை. நாத்தனார் இடுப்பை விட்டுவிட்டு அவள் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

வீட்டு வாசலில் சவவண்டி வந்து நின்றிருந்தது. நாத்தனார் இறங்கி, “தம்பீ” என்று கூவிக்கொண்டே உள்ளே ஓடினாள். முட்டிவலி போன இடம் தெரியவில்லை. மகன் வெளியே வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

“எங்கம்மா போனே? எல்லாரும் உனக்காகத்தான் காத்திருக்காங்க. உள்ள வா.”

“வரேன்டா.”

“பெட்டியெல்லாம் கழட்டி வெச்சிடட்டுமா? வண்டியை ஷெட்ல விட்டுடறேன். இனிமே எதுக்கு?”

“அதுல கை வைக்காதே. நான் பாத்துக்கறேன். நீ போய் அத்தையைப் பிடி, விழுந்துடப் போறாங்க.”

அவன் தயங்கிவிட்டு உள்ளே போனான். அவள் வண்டியை மறுபடி சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினாள். முட்டிபோட்டாள். வாசலில் நின்ற ஆண்கள் என்ன செய்கிறாள் என்று புரியாமல் விலகி நின்றார்கள். சவவண்டி டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தான். இடது பக்கம் டக், டக், டக். சுற்றிவந்து, வலது பக்கமும் மூன்று. ஒன்றில் வந்து நின்றதா என்று விரலால் தடவிப் பார்த்தாள்.

ஸ்பேனரைத் துடைத்து சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். பிறகு படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள்.