தம்புருவுக்கு எத்தனை தந்தி

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் ஒரு வாடகைக் கூடத்தில் ஞாயிறு மாலைகளில் கூடும் தமிழ்ச் சபைக்கு பிரேம்குமார்தான் பிரசங்கியார். மற்ற நாட்களில் துறைமுக அலுவலகத்தில் அதிகாரி. அறுப்புப் பண்டிகைக்கு முந்தின வாரம், கணவனின் மாற்றலில் புதிதாக வந்திருந்த கவிதா அவரிடம் ஆசையாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, பண்டிகைப் பாட்டுக்கு நான் தப்பு அடிக்கட்டுமா? ஊர்லேருந்து கொண்டாந்திருக்கேன்."

"தப்பா? இதென்ன பூஜா பந்தலாம்மா, கொட்டடிக்க? வேதத்துல உள்ள வாத்தியம் போதும். தம்புரு இருக்கு, வீணை இருக்கு."

கவிதாவின் முகம் வாடியது. பிரேம்குமாருக்கும் சுருக்கென்றது. அவருடைய அப்பா சாவு வீடுகளில் தப்படித்துத்தான் அவரைப் படிக்கவைத்தார். கொல்கத்தாவில் அது யாருக்கும் தெரியாது. மகள் மீராவுக்கே தெரியாது.

பண்டிகையன்று வாத்தியங்களையே பிரசங்கமாக எடுத்துக்கொண்டார். எக்காளம் தேவனுடைய குரல். குழல் அவர் ஊதிய ஜீவசுவாசம். வீணை, இழுத்துக் கட்டினால்தான் பாடும் இருதயம். தம்புருவுக்கு வந்ததும் அவர் குரல் குழைந்தது. "நாலு தந்தி, நாலு சுவிசேஷம். மாறாத ஒரே சுருதி!"

மீராவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்பதால் கையில் பெங்காலி வேதாகமம். மெதுவாகப் பேசத் தெரியாத பெண் வேறு.

"அப்பா, இதுல தம்புரு வர்ற இடத்துல தந்தி வாத்தியம்னு இல்லியே. ட்ரம்னு போட்டிருக்கு. கையால தட்டுற தோல் ட்ரம்."

சபை சிரித்தது. கவிதா மட்டும் ஏதோ தானே குற்றம் செய்தவளாகத் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பைவிட அதுதான் அவரைச் சுட்டது.

"ஆமா, தோலுதான்" என்று சமாளிக்கத் தொடங்கினார். பிறகு வாய் தானாகப் பேசிக்கொண்டு போயிற்று. இத்தனை காலம் மறைத்துவைத்த ஊர்ப்பேச்சும் கூடவே வந்துவிட்டது. "செத்த மாட்டுத் தோலு. சுண்ணாம்புத் தண்ணில ஊறணும். மயிரு போகச் சொரண்டணும். புளியங்கொட்டைப் பசை தடவி, சட்டத்துல இழுத்து ஒட்டணும். அப்பவும் பேசாது. தீயில காட்டுனாத்தான் கணீர்னு பேசும். செத்தது எந்திரிச்சுப் பேசுதுய்யா! உயிர்த்தெழுதல்னா வேற என்ன?"

அவர் அப்படிப் பிரசங்கித்ததே இல்லை. அடுத்த வாரம் தப்பைக் கொண்டுவரும்படி மேடையிலிருந்தே கவிதாவிடம் சொன்னார். ஒரு மூலையிலிருந்து அல்லேலூயா கேட்டது.

டீ குடிக்கும்போது கவிதா ஓடிவந்தாள். "அது எங்கப்பா அடிச்ச தப்பு, அண்ணாச்சி" என்றாள். சொல்வதில் ஒரு கூச்சமும் இல்லை. "புளியங்கொட்டைப் பசை வரைக்கும் சொல்லிட்டீங்களே! உங்க வீட்லயும் யாராச்சும் அடிப்பாங்களோ?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த ஊரில் தனக்கு ஒரு துணை கிடைத்தது என்று அவள் மகிழ்ந்துபோவாள். சுற்றிலும் சபையின் பெரிய மனிதர்கள் டீயோடு நின்றிருந்தார்கள். பக்கத்தில் மீரா.

"சேச்சே, எல்லாம் புஸ்தகத்துல படிச்சதும்மா."

"அப்படிங்களா" என்று கவிதா ஓரெட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"அப்பா எவ்ளோ படிக்கிறார் பாருங்க, கவிதா தீதி!" என்று மீரா பெருமையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் வெட்கமாக இருந்தது.