ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம்

ஸ்ரீரங்கம் ரயிலடிக்கு எதிரே வெள்ளைச்சாமி நடத்திய ஹோட்டலில் வீரமலை சரக்கு மாஸ்டர். சாம்பார், ரசம், கூட்டு, குருமா எல்லாம் அவன் கைப்பக்குவம். உப்பிலியபுரத்துக்காரன். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டதால், முப்பது வயதாகியும் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

தோசைக்கல்லில் நின்றவன் அடைக்கலம். காட்டூரிலிருந்து ஐம்பத்தெட்டாம் வருஷம் வேலைக்கு வந்தவன். வீரமலைக்கு மூன்று வயது இளையவன். கோபக்காரன் என்று பெயரெடுத்த வீரமலையிடம் சப்ளையர்கள் தள்ளி நின்றுதான் பேசுவார்கள். அடைக்கலம் வந்த முதல் வாரமே ரசத்தைக் கரண்டியில் எடுத்து வாயில் விட்டுக்கொண்டு, "இன்னிக்கு உங்க மனசு இங்க இல்லண்ணே" என்றான். அது உண்மை. அன்று வீரமலையின் அம்மா இறந்த திதி. யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றதே இல்லை. மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு அடுப்பு அணைந்ததும் காவிரியில் குளிக்க அம்மா மண்டபம் படித்துறைக்குப் போவார்கள். ஐந்து மணிக்குள் திரும்பி மாலைப் பலகாரத்துக்கு உட்காருவார்கள். ஓர் ஐப்பசியில் மழைத் தண்ணீர் சாமான் அறைக்குள் வந்துவிட்டது. அரிசி மூட்டைகளைத் தூக்கி மேலே அடுக்கிக்கொண்டிருந்தபோது அடைக்கலம் வீரமலையின் கையைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. வீரமலையும் விடச் சொல்லவில்லை. இதற்குப் பெயர் என்ன என்று இருவருக்கும் தெரியாது. வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

யாருக்கும் தெரியவில்லை. "கூடப் பொறந்தவங்ககூட இப்படி இருக்கமாட்டாங்க" என்று வெள்ளைச்சாமி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். அந்த நெருக்கமே வினையாக வந்தது.

மூன்றாம் வருஷம் தை மாதம் அடைக்கலத்தின் தாய் பவுனம்மாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு ஹோட்டலுக்கு வந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே வெள்ளைச்சாமியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"எம் மகனுக்கு இவரு மேல உசிருங்க. நம்ம சனம்தான். எம் பொண்ணு வள்ளிக்கண்ண இவருக்கே குடுத்துட்டா, ரெண்டு பேரும் மாமன் மச்சானா ஒரே குடும்பமா இருப்பாங்க."

"இதைவிட நல்ல காரியம் எது?" என்று வெள்ளைச்சாமி எழுந்தே விட்டார். "வீரமலை! இங்க வாப்பா."

வீரமலை கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். வருகிற வழியில் அடைக்கலத்தைப் பார்த்தான். கல்லில் மாவை வட்டமாக இழுத்துக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தவே இல்லை. இது அவன் செய்த ஏற்பாடு என்று அப்போதே வீரமலைக்குப் புரிந்துவிட்டது.

அன்று மதியம் படித்துறையில் வீரமலை துண்டை அலசக்கூட இல்லை. "நீதான் அம்மாவ அனுப்பினியா?" என்று கேட்டான்.

"ஆமா. வேற என்ன வழி இருக்கு சொல்லு. நாளைக்கு எனக்கும் பொண்ணு பாப்பாங்க. உனக்கும் எவனாவது பாப்பான். வள்ளியக் கட்டிக்கிட்டா நீ எங்க வீட்டு மாப்பிள்ள. வரப் போக யாரு கேக்கப் போறா?"

"வள்ளி கேக்காதா?"

அடைக்கலம் துண்டைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தான்.

"அந்தப் புள்ள என்னை நம்பிச் சோறு போடும். நான் அதோட அண்ணன நெனச்சுக்கிட்டுச் சாப்புடணுமா?"

"அதுக்குத் தெரியவே தெரியாது."

"எனக்குத் தெரியுமே அடைக்கலம்."

மறுநாள் வீரமலை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பவுனம்மாள் காரணம் கேட்டாள். சொல்வதற்கு அவனிடம் ஒரு காரணமும் இல்லை. இருந்த ஒன்றை வாய்விட்டுச் சொல்ல முடியாது.

"எம் பொண்ணு கறுப்புன்னு யாராவது சொன்னாங்களா? காலு ஊனமா, கையி ஊனமா? நாங்க வலிய வந்ததுனால எளக்காரமாப் போச்சா?"

"உங்க பொண்ணு மேல ஒரு குறையும் இல்லீங்க. எனக்குக் கல்யாணமே வேண்டாங்க."

"நேத்து வரைக்கும் மகன் மாதிரி எங்க வீட்டுல சாப்புட்டீங்களே" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். வெள்ளைச்சாமி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

காட்டூரில் பேச்சு வேறு மாதிரி பரவியது. தாயே தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டும் ஓர் அடுப்படிக்காரன் வேண்டாம் என்று சொன்ன பெண் என்றால், என்னவோ இருக்க வேண்டும் என்றார்கள். பார்க்க வருவதாகச் சொன்ன இரண்டு இடம் வராமலே நின்றது. வீட்டில் அந்தப் பெண் யாரோடும் பேசுவதில்லை என்று அடைக்கலம் சொன்னபோது வீரமலைக்குக் கரண்டி பிடிக்கக் கை வரவில்லை. ஒரு பெண்ணை ஏமாற்றக் கூடாது என்று நினைத்துச் செய்த காரியம், அவளையே கொண்டுபோய்ப் பழியில் நிறுத்திவிட்டது.

ஆனி பிறந்ததும் லால்குடியிலிருந்து ஓர் இடம் வந்தது. அங்கேயும் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தாள். எங்கள் பெண்ணை உங்கள் மகனுக்கு எடுத்தால் உங்கள் பெண்ணை நாங்கள் எடுக்கிறோம் என்றார்கள். பவுனம்மாள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அடைக்கலம் இதைச் சொன்னது சமையற்கட்டில், காலைக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில்.

"ஆவணியில வச்சிருக்காங்க. ஒரே பந்தல்ல ரெண்டு கல்யாணம்."

"நீ வேண்டாம்னு சொல்லு."

"நீ சொன்னியே, என்ன ஆச்சு பாத்தேல்ல? நானும் சொன்னா வள்ளி காலத்துக்கும் வீட்டுலதான்."

வீரமலை அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தான், மறுபடி உள்ளே தள்ளினான். பிறகு மெல்லச் சொன்னான்.

"அப்ப நானே வள்ளியக் கட்டிக்கிறேன். அம்மாகிட்டப் போய்ச் சொல்லு. இன்னிக்கே சொல்லு."

கல்லில் கிடந்த தோசை கருகும் வாசனை வந்தது.

"இதைத் தையில சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான் அடைக்கலம். "நேத்து தட்டு மாத்தியாச்சு."

கல்யாணச் சமையலைத் தன் மொய்யாகச் செய்து தருவதாக வெள்ளைச்சாமி வாக்குக் கொடுத்துவிட்டார். போகிற ஆள் வீரமலை. முடியாது என்று சொல்ல இன்னொரு காரணம் தேட அவனிடம் தெம்பில்லை. முதல் நாளே அண்டா குண்டாவோடு காட்டூர் போய், பந்தலுக்குப் பின்னால் மண்ணில் நீளமாகக் கோட்டை அடுப்பு வெட்டினான்.

விடிந்து முகூர்த்தம். கெட்டிமேளம் இரண்டு முறை கேட்டது. முதல் முறை வள்ளிக்கண்ணுக்கு. வீரமலை அப்போது பூசணிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தான். இரண்டாம் முறை கேட்டபோது சோற்று அண்டாவைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தான். கையை விட்டால், மறுபக்கம் அண்டாவைப் பிடித்து நிற்கிறவன் காலில் கொட்டும். மேளம் ஓயும் வரை பிடித்துக்கொண்டே நின்றான். அன்று ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு, வெந்நீர் ஊற்றிச் சரி செய்தான். சாப்பிட்டவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

பந்தி முடிந்தபின் வள்ளிக்கண்ணு மாலையோடு பின்கட்டுக்கு வந்தாள். அவர்கள் வீட்டில் சாப்பிட்ட நாட்களில் அவளைக் கதவிடுக்கில் பார்த்ததோடு சரி. இப்போதுதான் நேராகப் பார்த்தான்.

"அண்ணன் எப்பவும் உங்களப் பத்தித்தான் பேசும்" என்றாள். "கோவத்துல வராம இருந்துருவீங்களோன்னு நெனச்சேன். வந்தீங்களே, சந்தோஷம்."

"நல்லா இரும்மா" என்றான்.

அடைக்கலத்தின் மாமனார் லால்குடி கடைத்தெருவில் டீக்கடை வைத்திருந்தார். மருமகன் கூட இருந்தால் பலகாரமும் போடலாம் என்றார். பத்தாம் நாள் அடைக்கலம் தன் டிரங்குப் பெட்டியை எடுக்க ஹோட்டலுக்கு வந்தான். வெள்ளைச்சாமி, சப்ளையர்கள், பாத்திரம் துலக்குகிறவர்கள் என்று எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"போயிட்டு வரேன்" என்றான் அடைக்கலம்.

"போயிட்டு வா" என்றான் வீரமலை. அத்தனை பேர் நடுவில் அவ்வளவுதான் முடிந்தது.

மறு வருஷம் பங்குனித் தேருக்கு அடைக்கலம் மனைவி ரங்கநாயகியோடு வந்தான். சாமி பார்த்துவிட்டு, லால்குடி ரயிலுக்கு நேரமிருக்கிறது என்று ஹோட்டலில் வந்து உட்கார்ந்தார்கள். சப்ளையர் ஓடிவந்து சொன்னதும் வீரமலை சாம்பார் வாளியைத் தானே எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போனான். அடைக்கலம் சற்று இளைத்திருந்தான். எழுந்திருக்கப் போனவன் மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

"இவங்கதானா?" என்றாள் ரங்கநாயகி சிரித்துக்கொண்டே. "நான் என்ன வச்சாலும், அண்ணன் சாம்பார் மாதிரி இல்லைன்னுதாங்க தினமும் பேச்சு. எப்படி வைக்கறதுன்னு எனக்குச் சொல்லுங்களேன்."

வீரமலை யாருக்கும் பக்குவம் சொன்னதில்லை. வெள்ளைச்சாமி கேட்டே சொன்னதில்லை. வாளியைக் கீழே வைத்தான்.

"பருப்பு குழைஞ்சிடக் கூடாதும்மா. புளிய ரொம்ப நேரம் கொதிக்க விடாதீங்க. மல்லியத் தனியா வறுத்து, கடைசியில வெந்தயம் நாலே நாலு. தேங்காய அவரு கண்ணுல காட்டாதீங்க, அவருக்குப் புடிக்காது. பெருங்காயம் கட்டியாப் போடுங்க, தூள் வேண்டாம்." ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னான்.

அவள் மறக்காமல் இருக்க விரல் மடக்கி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். அடைக்கலம் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிட்ட தோசைத் துண்டு விரலிலேயே இருந்தது.

அதற்குள் விழுப்புரம் பாசஞ்சரில் வந்திறங்கிய கூட்டம் உள்ளே நுழைந்தது. "மாஸ்டர், குருமா!" என்று சப்ளையர் கத்தினார். வீரமலை வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். குருமாவை ஊற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி வாசல் வரை வந்து பார்த்தபோது, அந்த மேஜையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.