குதிரைகளுக்குத் தெரிந்த வீடு

மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியபோது வானம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றே முக்காலுக்குள் குதிரைகளின் வால்கூட வண்டி ஓட்டும் பரஸ்காவின் கண்ணுக்குத் தெரியவில்லை. பனிப்புயல் என்ன சொல்லிக்கொண்டா வரும்? பனிக்காகச் சக்கரத்தைக் கழற்றிச் சறுக்குக்கட்டை பூட்டிய, நாலு பக்கமும் பலகை அடைத்த பள்ளி வண்டி. உள்ளே சின்ன இரும்பு அடுப்பைச் சுற்றி ஏழு பிள்ளைகள். முன்பலகைத் துவாரம் வழியே கடிவாள வார் மட்டும் வெளியே போகிறது. பரஸ்கா அதைத் தளர விட்டாள். கண் தெரியாத வேளையில் குதிரைமேல் பாரத்தைப் போட்டுவிட வேண்டும், அது வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கனடாவின் இந்த சஸ்காட்செவான் சமவெளியில் எல்லாரும் செய்வது அதைத்தான்.

போன மாதம் பள்ளிக் கூட்டத்தில் அவள் அடித்துப் பேசி ஜெயித்ததும் அதைச் சொல்லித்தான். "மோட்டார் பஸ் வாங்குறீங்களா, வாங்குங்க. புயல்ல அதுக்கு யாரு வழி சொல்லுவா? குதிரைக்கு வீடு தெரியும்யா!" என்று மேசையைத் தட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள். பஸ் வசந்தகாலத்துக்குத் தள்ளிப்போயிற்று.

"அத்தை, காத்து இந்தப் பக்கமா அடிக்குது," என்றாள் தெக்லா. பன்னிரண்டு வயது, பிள்ளைகளில் மூத்தவள். வீட்டுப் பாதையில் காற்று முதுகுப் பக்கமல்லவா இருக்க வேண்டும்? இங்கே இடப்பக்கப் பலகையில் யாரோ மணலை வாரி இறைப்பதுபோல் பனி அடித்துக்கொண்டிருந்தது.

"பேசாம இருடி. குதிரைக்குத் தெரியும்."

சொன்ன கையோடு பரஸ்காவுக்கு உறைத்தது. தெரியும்தான். எந்த வீடு தெரியும்? தன் கிழட்டு ஜோடி படுத்துவிட்டதென்று இந்த இரண்டையும் ஒனுஃப்ரியிடம் வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒனுஃப்ரி நிலத்தை விட்டுவிட்டு நகரத்துக்குப் போய்விட்டான், பஸ் ஓட்ட. அவன் வீட்டில் இப்போது அடுப்பும் இல்லை, ஆளும் இல்லை. ஏழு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இதுகள் அங்கேதான் போகின்றன!

வாரை இழுத்துத் திருப்பலாம். திருப்பி எந்தத் திசையில் போவது? வெட்டவெளியில் சுற்றிச் சுற்றி விறைத்துப்போனவர்கள் கதை அவளுக்குத் தெரியாததா? "அடி பாவி, வாய் மட்டும் ஜெயிச்சுதே, புத்தி எங்கடி போச்சு," என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கரிப்பெட்டியைக் காலால் தட்டினாள். நாலே துண்டுதான் உருண்டது. சின்னவள் மார்த்தா இருமினாள். வாரைப் பிடித்த கை தானாக இறுகியது. பிறகு ஒவ்வொரு விரலாக அவளே தளர்த்திக்கொண்டாள். காலியாகக் கிடந்தாலும் அங்கே நாலு சுவராவது இருக்கும்.

குதிரைகள் நின்றன. பரஸ்கா இறங்கி முன்னால் தடவினாள். மரக்கதவு. ஒனுஃப்ரியின் குதிரைக்கொட்டில். தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்து, வண்டியோடு உள்ளே ஓட்டினாள். கூரை ஒரு மூலையில் பிய்ந்திருந்தது, அடுப்புப் புகை போக அது போதும்.

"இது நம்ம வீடில்லையே, அத்தை?"

"இல்லடி. இதுங்க வீடு."

அடுப்பில் கடைசிக் கரி சாம்பல் பூத்தது. மார்த்தாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. பரஸ்கா இருக்கைக்கு அடியிலிருந்து கோடாலியை எடுத்தாள்.

"எல்லாரும் எந்திரிங்க."

வழவழவென்று இழைத்த பெஞ்சு ஒரே வெட்டில் இரண்டாகப் பிளந்தது. தெக்லா அலறினாள். "ஐயோ அத்தை! நாளைக்கு நாங்க எதுல உக்காருவோம்?"

"மோட்டார்ல உக்காருங்க. உக்கார ஆளு இருக்கணும்ல முதல்ல!"

பலகையை முழங்காலில் வைத்து முறித்து அடுப்பில் திணித்தாள். தீ பிடித்துக்கொண்டது.

அவிழ்த்துவிட்ட குதிரைகள் தங்கள் பழைய இடத்தில் போய் நின்று, வெறுந்தொட்டியை நக்கின. காற்று கதவை உலுக்கும்போதெல்லாம், ஒனுஃப்ரி ஓட்ஸ் தீனியோடு வருகிறான் என்று காதை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தன. ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். பரஸ்கா பார்க்கவில்லை. இரண்டாவது பெஞ்சின்மேல் கோடாலியை ஓங்கினாள்.