இடது கண்ணுக்கு ஒரு தேதி

ஏழு மாதம் காத்திருந்த பிறகு வெல்டருக்கு முறை வந்தது. காப்பீடு இல்லாதவர்களுக்காக மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அறையில், சிறப்பு மருத்துவர்கள் இலவசமாகப் பார்ப்பார்கள். மனைவிதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"படி இருக்கு, பாத்து."

"பாக்க முடிஞ்சா இங்க ஏன் வரேன்?" என்றார். அவள் சிரிக்கவில்லை. ஒரு வருஷமாகவே அவரோடு சரியாகப் பேசுவதில்லை.

கண் டாக்டர் அறுபதைத் தாண்டியவர். வெல்டரின் மோவாயைக் கருவியில் வைக்கச் சொல்லி, நெடுநேரம் உள்ளே பார்த்தார்.

"ஓரத்துல தெரியாம போய் எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருஷம் இருக்கும் டாக்டரம்மா. பட்டறைல பக்கத்துல வர்ற ஆள் மேல இடிச்சுடுவேன். குடிச்சிருக்கியான்னு கேப்பாங்க. ஆமான்னுடுவேன். கண்ணுன்னு தெரிஞ்சா வேலை போயிடுமே."

பின்னால் நின்ற மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குடிக்கிறாராம் என்று அவள் காதுக்கு வந்ததும் பட்டறையிலிருந்துதான்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சு," என்றார் டாக்டர். "வலது கண்ணு முடிஞ்சுது. இடதுல நடுவுல கொஞ்சம் பாக்கி இருக்கு. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணா அதையாவது காப்பாத்தலாம்."

"பண்ணிடுங்க."

டாக்டர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். ஒரு ஆஸ்பத்திரி வருஷத்துக்கு இரண்டே நாள்தான் இந்த இலவச மருத்துவர் குழுவுக்கு ஆபரேஷன் அறையைக் கொடுத்துவந்தது. அவர் கெஞ்சும் குரல் உள்ளே கேட்டது. திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"பதினோரு மாசம் கழிச்சுதான் இடம் இருக்கு. சொட்டு மருந்து தரேன். விடாம போடுங்க."

"அதுவரைக்கும் தாங்குமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தாங்காதுன்னுதான் தோணுது."

பஸ்ஸில் மனைவி கேட்டாள்: "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வேலைக்கு விட்டிருப்பியா?"

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வேளை தவறாமல் அவளே சொட்டு மருந்தைப் போட்டாள். அப்படியும் எட்டாம் மாதமே மிச்சமிருந்த வெளிச்சம் அடங்கிவிட்டது.

அதற்கு மூன்று வாரம் கழித்து டாக்டரே போன் பண்ணினார். "ஆபரேஷனுக்கு இருந்த ஒருத்தர் வரலையாம். நாளைக்கே கூட்டிட்டு வர முடியுமா?"

மனைவி எழுந்து சமையலறைக்குப் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "வேண்டாம் டாக்டரம்மா. அவருக்கு அடுத்து யார் இருக்காங்களோ, அவங்களக் கூப்பிடுங்க."