அந்தம்மாவின் ‘க்ளிக்’

அந்த டப்பிங் ஸ்டுடியோவில் அவரை எல்லோரும் ‘சத்தம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தில் கதவு திறக்கிற சத்தம், செருப்புத் தேய்கிற சத்தம், கண்ணாடி உடைகிற சத்தம் எல்லாம் அவர் கைவேலை. ஆனால் மனுஷன் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசிவிட்டால் அன்றைக்கு மழைதான் என்று கேலி செய்வார்கள்.

பக்கத்து அறையில் அவள் வசனம் எழுதினாள். ஆங்கிலப் படங்களுக்கு, உதடு அசைகிற நேரத்துக்குள் அடங்குகிற மாதிரி தமிழ் எழுத வேண்டும். சாயங்காலமானால் டீயோடு அவர் அறைக்குப் போவாள். அவர் மேஜையில் கிடக்கும் பூட்டையும் சுவிட்சையும் ஒதுக்கி இடம் செய்து கொடுப்பார். பேச்சு அன்றைய படத்தைத் தாண்டாது. அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணி போட்ட சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, அவர் சொன்ன நாலு வார்த்தையை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். வருஷக்கணக்காக இதே கதை.

அப்போது ஒரு படம் வந்தது. எங்கே திரும்பினாலும் ‘க்ளிக்’. திருடன் பெட்டகத்தைத் திறந்தால் க்ளிக், ஒருத்தி போட்டோ எடுத்தால் க்ளிக். போலீஸ்காரருக்குத் திடீரென்று விஷயம் பிடிபடுகிறதே, ஆங்கிலத்தில் அதுவும் க்ளிக்தான். அங்கே ‘பொறி தட்டுச்சு’ என்று எழுதிச் சமாளித்துவிட்டாள். கடைசியில் ஒரு வயதான அம்மாள், செத்துப்போன கணவரைப் பற்றித் தோழியிடம் ஒரே வரி சொல்கிறாள்: பார்த்த அன்றே எங்களுக்குள் க்ளிக் ஆகிவிட்டது என்று. அங்கேதான் வண்டி நின்றது.

‘ஒத்துப்போச்சு’ என்று எழுதினாள். ரெண்டு பைப்பை மாட்டினோமா என்று கேட்டார் டப்பிங் டைரக்டர். ‘பிடிச்சுப்போச்சு’ என்றாள். சளிகூடத்தான் பிடிக்கும் என்றார். ‘க்ளிக்’கையே வைத்துவிடலாமே என்றதற்கு, அந்தம்மா கையில் என்ன மவுஸா இருக்கு என்றார்.

அதே வாரம்தான் சத்தம் வேலையை விடுகிறார் என்று தெரிந்தது. வேறு ஊரிலிருக்கும் அக்கா படுத்த படுக்கையாகிவிட்டாளாம். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லையாம்.  எதிரே வந்தவரிடம் அவள், அக்காவை நல்லபடியா பாத்துக்கோங்க என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அவருடைய கடைசி நாளன்று வழக்கம்போல் டீயோடு போனாள். மைக் பக்கத்தில் பழைய தாழ்ப்பாளை வைத்து, பெட்டகம் திறக்கிற சத்தத்தைப் பதிவுசெய்து முடித்தார். அந்தம்மா வரி கிடைத்ததா என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினாள். பிறகு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டாள்.

“உங்களுக்கு அப்படி யாரையாவது பாத்து ஆயிருக்கா? ஆயிருந்தா எப்படிச் சொல்வீங்க?”

அவர் ஹெட்போன் ஒயரை வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஆயிருக்கு. நீங்க முதல்ல டீ கொண்டுவந்தீங்க பாருங்க, அன்னிக்கே ஆயிடுச்சு.”

 டம்ளரைக் கீழே வைத்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, வெளிநாட்டில் இருக்கிற யாருக்காகவோ அவள் காத்திருப்பதாகத்தான் ஸ்டுடியோவில் பேச்சு, நடுவில் புகுந்து குட்டையைக் குழப்ப வேண்டாமென்று இருந்துவிட்டதாகச் சொன்னார்.

அந்த வெளிநாட்டு மாப்பிள்ளைச் சம்பந்தம் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே முறிந்துபோனது. ஏன் இன்னும் கல்யாணமாகவில்லை என்று ஆளாளுக்குத் துருவாமல் இருக்க அந்தப் பேச்சு வசதியாக இருந்தது. அதனால் அவள் மறுக்கவில்லை. அந்த வேலி இவரையும் வெளியே நிறுத்தும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

“அப்படி யாரும் இல்லீங்க,” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அக்காவை விட்டுட முடியாது.”

“விடச் சொல்லலை.”

அன்று ராத்திரி பஸ்ஸில் அவர் போய்விட்டார்.

மறுநாள் ‘அன்னிக்கே ஆயிடுச்சு’ என்று எழுதிக் கொடுத்தாள். உதட்டோடு அச்சாகப் பொருந்தியது. என்ன ஆச்சுன்னு பாக்கிறவங்களே புரிஞ்சுக்குவாங்க என்று டைரக்டருக்கு ஏக சந்தோஷம். குரல் கொடுக்க வந்த நடிகை அதைச் சொன்னபோது, அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். போனில் அவர் இன்னும் மோசம். சாப்பிட்டீங்களா, வேலை எப்படி, அவ்வளவுதான். அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்து மற்றதையெல்லாம் கேட்பாள். மின்விசிறி கிறீச்சிடும். பாத்திரம் உருளும். அக்கா இருமுவாள். பார்த்தேயிராத அந்த வீட்டில், கட்டில் எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று தனக்குள்ளேயே ஒரு படம் வரைந்து வைத்திருந்தாள். போனை வைத்ததும் அண்ணன் வீட்டுச் சத்தங்களெல்லாம் அந்நியமாகத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு குரல் கேட்டது.

“நான் அக்கா பேசறேன். என் தம்பி வாயைத் திறந்து கேக்கமாட்டான்மா. நான்தான் கேக்கணும்போல. எப்ப வர்றே?”

பின்னாலிருந்து அவர் சங்கடத்தோடு அக்காவை அடக்குவது கேட்டது. 

“வர்றேங்க்கா,” என்றாள்.

நேராக அடுக்களைக்குப் போய், நின்ற நிலையிலேயே அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அண்ணி அடுப்பை அணைத்தாள்.

“இத்தனை வருஷமா வாயில என்னடி வச்சிருந்தே?” என்றவள், கூடத்திலிருந்த அண்ணனை உள்ளே கூப்பிட்டாள்.