முறை வைத்துக் கூப்பிட்டவள்

காலையில் ஜாகா வேலை முடிந்து காவல் உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஜெயபாலன் போன் செய்தார். "மச்சான், வீரம்மா போயிட்டா. பொறந்த வீட்டுக் கோடி நீங்கதான் கொண்டாரணும்லா. அவளுக்கு வேற யாரு இருக்கா?" சரி என்றேன். கால் இரண்டும் கெஞ்சின. கொஞ்சம் படுத்துவிட்டுப் போகலாமென்றால், கூடப்பிறந்தவன் போடும் புதுச்சேலை வராமல் பெண்ணின் பாடை வாசலைத் தாண்டாது.

நான் அவளோடு பிறந்தவனில்லை. நாற்பது வருடங்களுக்கு முன் ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருவரும் பால்மரம் வெட்டினோம். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் கேட்கப் போவதாக அம்மா சொல்லியிருந்தாள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, பால் நிறுக்கும் கொட்டகையில், அத்தனை பேர் முன்னாலும் வீரம்மா, "அண்ணே, இந்த வாளியக் கொஞ்சம் தூக்கி விடுங்க" என்றாள். அதுவரை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவாள். "அண்ணன்னு மொறை வச்சிட்டாளேடா, இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?" என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். இரண்டே மாதத்தில் பத்து காஜா ஊர்க்கார ஜெயபாலனோடு அவளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு அண்ணன் என்று என்னைக் கூப்பிட்டு மாப்பிள்ளைக்கு மாலை போடச் சொன்னார்கள். போட்டேன்.

பிறகு அவள் மகள் சாந்தினிக்கு என் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். அந்தப் பிள்ளை மாமா என்று கூப்பிட்டால் எனக்கு மனசு குளிரும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் வீரம்மாவை ஒருநாளும் நான் தங்கச்சி என்றதில்லை. 'இந்தாம்மா', 'ஏம்மா' என்றே காலத்தை ஓட்டினேன். தெரிந்துதான் அப்படிக் கூப்பிட்டாளா, வாய்க்கு வந்ததைக் கூப்பிட்டாளா? யோசித்து யோசித்து அலுத்துப்போனேன்.

ஈப்போ கடையில் பச்சைச் சேலை எடுத்தேன். மரம் வெட்டும்போது அவள் தலையில் கட்டுகிற துணி அந்த நிறம்தான். "யாருக்கு அங்கிள்? அண்ட்டிக்கா?" என்றாள் கடைப்பெண். "கட்டிக் குடும்மா, கேள்வி கேக்காத" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

பத்து காஜா வீட்டில் சடங்கு செய்கிறவர், "பொறந்த வீட்டு ஆளு வாங்க!" என்று சத்தம் போட்டார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். சாந்தினி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அம்மா உங்ககிட்ட ஒன்னு சொல்லச் சொன்னாங்க. 'அன்னைக்கு எங்கப்பாதான் அப்படிக் கூப்பிடச் சொன்னாரு, எனக்கு இஷ்டமில்ல'ன்னு. என்னான்னு எனக்கு வெளங்கல. சொன்னா உங்களுக்குத் தெரியுமாம்."

"தங்கச்சின்னு சொல்லிப் போர்த்துங்கண்ணே, நேரமாவுது" என்றார் சடங்குக்காரர்.

சேலையைப் பிரித்தேன். வாயைத் திறந்தேன். "வீரம்மா" என்றுதான் வந்தது. அதற்குமேல் நின்று அழ எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

"வுடுங்க, கூடப்பொறந்த பாசம்" என்று யாரோ என் தோளைப் பிடித்தார்கள். ஜெயபாலன் எழுந்து வந்து சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக அவளைப் போர்த்தினோம். விரிக்க விரிக்கப் பச்சை வந்துகொண்டே இருந்தது.